சுமந்தோர் சந்து

தினமும் காலை ஏழு நாற்பதுக்கு என் கணவர் சவரிமுத்து இறந்துபோவார். பெரும்பாலும் மாரடைப்பு. சில நாள் மாடிப்படியில் வழுக்கி விழுவார். மழைக்காலமாக இருந்தால் மின்சாரம் தாக்கும். நான் வரிசையில் கண்ணை மூடி நின்றபடி அவரைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் மெழுகுவத்தி ஏற்றி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டுவதுவரை போவேன். கட்டைவிரலைக் கட்டும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும். கம்பத்தின் உச்சியில் விளக்கு பச்சையாகும், தடுப்பு விலகும், நான் சந்து வழியாக வேலைக்குப் போய்விடுவேன்.

அந்த நேரத்தில் அவர் வீட்டில் இரண்டாவது காப்பியைக் குடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார்.

"இன்னிக்கு எப்படிச் செத்தேன்?"

சொல்லுவேன். பிடிக்கவில்லை என்றால் திருத்தம் சொல்லுவார். மாடிப்படி தனக்கு மரியாதையாக இல்லை என்றும், கால்பந்து ஆடியவன் கால் இடறிச் செத்தான் என்றால் ஊர் சிரிக்கும் என்றும் ஒருமுறை கோபித்துக்கொண்டார். அதன்பிறகு மாடிப்படியைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் ஏழாம் பூங்கா ஊழியர் குடியிருப்பில் நாற்பத்தொரு வீடுகள். வேலைக்குப் போகிற எல்லோரும் காலையில் இப்படித்தான் நிற்போம். அடுத்த வீட்டு நசீமா, செத்துப்போன தன் பூனையை வைத்து நான்கு மாதம் ஓட்டினாள். பிறகு பூனை தேய்ந்துவிட்டது. துயரம் தேயும் பொருள் என்பது எங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஒரே துயரத்தைத் தினமும் எடுத்தால் மூன்று நான்கு மாதத்தில் வழவழவென்று ஆகிவிடும், பிடி கிடைக்காது. அதனால் சிக்கனமானவர்கள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

காலை எட்டு மணிக்கு முன் நல்ல செய்தி சொல்லக் கூடாது என்பது எங்களுடைய எழுதாத சட்டம். கல்யாணப் பத்திரிகை சாயங்காலம்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையை வரிசைப் பக்கம் தூக்கி வரக் கூடாது, பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கதிரேசன் அண்ணன் வரிசையிலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பதினோரு பேர் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பெண் நல்லாயிருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டே அவரைத் திட்டினோம்.

இதெல்லாம் எப்படி வந்தது என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர் கிடையாது. நான் நினைவிட வாரியத்தில் வட்ட அளவர், சிலைகளைச் சுற்றி வட்டம் அளப்பவள்.

கடல் உள்ளே வந்து பழைய தலைநகரில் பாதியை எடுத்துக்கொண்டதும், திருச்சிக்குத் தெற்கே மேட்டு நிலத்தில் புதுத் தலைநகரைக் கட்டினார்கள். வரைபடம் போட்டவர்கள் நல்லவர்கள். பதினாறு பூங்கா வைத்தார்கள், ஒவ்வொன்றிலும் குளம், ஊஞ்சல், ஓட்டப்பாதை, பந்து விளையாட ஒரு திடல். ஆனால் மக்கள் வருவதற்கு முன் சிலைகள் வந்தன. பழைய நகரத்தின் நானூற்றுப் பன்னிரண்டு நினைவுச்சின்னங்களும் எண் ஒட்டப்பட்டு லாரிகளில் வந்து இறங்கின. எல்லோருக்கும் தங்கள் தலைவர் பூங்காவின் முகப்பில், கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். கிழக்கு ஒன்றுதானே இருக்கிறது. இடம் மாற்றும்போது ஒரு சிலையின் கை ஒடிந்தது. ஒன்பது நாள் கலவரம். அதன்பிறகு வந்ததுதான் நிலைச் சட்டம்: ஒருமுறை நட்ட நினைவுச்சின்னத்தை எக்காலத்திலும் அசைக்கக் கூடாது.

அசைக்கக் கூடாது என்றால் யாரும் நெருங்கவும் கூடாது. ஒவ்வொன்றையும் சுற்றி அஞ்சலி வட்டம் போட்டார்கள். முதலில் பத்து மீட்டர். அடுத்து வந்தவர்கள் தங்கள் தலைவருக்கு இருபது கேட்டார்கள். அதற்கடுத்து வந்தவர்களுக்கு முப்பது. கடைசியில் சமத்துவம் கருதி எல்லோருக்கும் முப்பது. ஊஞ்சல் போயிற்று, குளம் போயிற்று, திடல் போயிற்று. புதிது புதிதாகவும் நட்டுக்கொண்டே இருந்தார்கள். மாநாடு நடந்த இடத்துக்கு ஒரு தூண். மாநாட்டை ரத்து செய்த துணிச்சலுக்கு ஒரு தூண். லாரியில் பெயர்ப்பலகை தொலைந்துபோனதால் 'பெயர் உறுதிசெய்யப்படாத பெருமகனார்' என்று ஒருவர் பத்தாம் பூங்காவில் இன்றும் கை நீட்டி நிற்கிறார். அவருக்கும் முப்பது மீட்டர். தலைவர்களின் தலைக்கு மேல் எதுவும் பறக்கக் கூடாது என்று ட்ரோன்களுக்கும் தடை வந்தது.

அஞ்சலி செலுத்துவோர் மட்டும் வட்டத்துக்குள் வரலாம். ஆனால் வந்தவர்கள் சுண்டல் தின்றார்கள், படம் எடுத்தார்கள், காதலித்தார்கள். எனவே வாரியம் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. துயரமானி என்று பெயர். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கம்பம், அதில் நாடியையும் மூச்சையும் கண்ணையும் படிக்கிற சென்சார்கள். துயரம் இருந்தால் பச்சை. பச்சை ஐந்து நொடி அணையாமல் நின்றால்தான் தடுப்பு விலகும். உள்ளே நுழையவும் வெளியே வரவும் அதே அளவுதான். நாங்கள் வேலை முடிந்து திரும்பும்போது மட்டும் அவ்வளவு சிரமம் இல்லை. ஒரு நாள் முழுக்க அரசு அலுவலகத்தில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்குத் துயரத்தைத் தேட வேண்டியதில்லை.

சரி, குடியிருப்புக்குப் போகிற பாதைக்கு ஏன் துயரமானி என்று கேட்பீர்கள். அந்தப் பாவம் என்னுடையது.

ஏழாம் பூங்காவின் நடுவில், தோட்ட ஊழியர்களுக்காகக் கட்டப்பட்டதுதான் எங்கள் குடியிருப்பு. வருடத்துக்கு ஒன்றாக வட்டங்கள் எங்களைச் சூழ்ந்துகொண்டே வந்தன. கடைசியில் தென்மேற்கில் நான்கு மீட்டர் அகலத்தில் ஒரு சந்து மிஞ்சியது. அப்போது முன்னாள் சபாநாயகர் ஒருவருக்குச் சிலை அறிவித்தார்கள். அதன் வட்டத்தை அளக்க என்னைத்தான் அனுப்பினார்கள். மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் சந்து வட்டத்துக்குள் விழுந்தது.

நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். வாரியத்தின் பழைய கோப்புகளைக் கிளறினேன். சிலைகளை ஏற்றி வந்த லாரி ஒன்று பாடாலூர் அருகே கவிழ்ந்து, சுமைதூக்குகிறவர்கள் பதினோரு பேர் இறந்திருந்தார்கள். சிலைக்குக் கீறல் இல்லை. அந்தப் பதினோரு பேருக்கு எங்கும் ஒரு கல்கூட கிடையாது. இரண்டு வட்டங்கள் மோதினால் முதலில் பதிவானதே நிற்கும் என்று விதி இருக்கிறது. நான் சிலைக்கு முந்திக்கொண்டு, அந்தச் சந்து முழுவதையும் அவர்களுக்கு நினைவிடமாக அறிவிக்க மனுப் போட்டேன். 'சுமந்தோர் சந்து' என்று பெயரும் வைத்தேன். ஐந்தே வாரத்தில் அனுமதி. சபாநாயகர் சிலையைத் தள்ளி நட்டார்கள், சந்து பிழைத்தது. குடியிருப்பில் எனக்கு மாலை போட்டார்கள். சவரிமுத்து அண்டாவில் பாயசம் காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுவாரம் துயரமானியைக் கொண்டுவந்து நட்டார்கள். நினைவிடம் என்று ஆன பிறகு அளவு பார்க்காமல் விடுவார்களா? அதற்கு அடுத்த வாரம் ஒரு கடிதம் வந்தது. பாதை முழுதும் அடைபட்ட குடியிருப்புக்குத் தொண்ணூறு நாளில் மாற்று வீடு தர வேண்டும் என்று நிலைச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறதாம். கிழக்கு விரிவில் எங்களுக்காக நாற்பத்தொரு வீடுகள் கட்டி, வெள்ளையடித்து, தயாராக இருந்தனவாம். 'தற்போது பாதை உள்ளமையால்' ஒதுக்கீடு ரத்து. இனிப் பொது வரிசையில் நின்றால் பத்தொன்பது வருடம். வட்டங்களுக்கு நடுவில் மாட்டிய வீட்டை விற்கவும் முடியாது. ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஆப்பைப் பிடுங்கியவள் நான். நாற்பது வீட்டுக்காரர்களும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நாங்கள் எல்லோருமாவது தினமும் வெளியே போய்வந்தோம். சவரிமுத்துவால் அதுவும் முடியவில்லை. பூங்காத் திடலில் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தவர் அவர். திடல் வட்டத்துக்குள் போன பிறகும் எங்கேயாவது போய்ப் பந்தை உதைத்துவிட்டு வருவார். துயரமானி வந்த முதல் நாள் வரிசையில் நின்றார். தன் தகப்பனார் இறந்ததை நினைக்கப் பார்த்தார். இடையில் கண்ணைத் திறந்து, சோற்று டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தை இழுத்து வைத்திருக்கிற எங்களை ஒருமுறை பார்த்தார். சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு வரிசை முழுக்கப் பரவி ஒரு மணி நேரம் யாரும் நகர முடியவில்லை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கதிரேசன் அண்ணன் வீட்டுக்கு வந்து, தயவுசெய்து வரிசைக்கு வராதீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

அதோடு ஆறு வருடம். அழத் தெரியாத குற்றத்துக்காக ஒரு மனிதர் நாற்பத்தொரு வீடுகளுக்குள் அடைபட்டுக் கிடந்தார். அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் தரைக்கடியில் இரண்டடி உயரச் சுரங்கத்தில் பொருள்வண்டியில் வந்துவிடும். மனிதர் போக அதில் வழியில்லை. தினமும் குடியிருப்பைச் சுற்றி நடப்பார். ஒரு சுற்று முந்நூறு தப்படி. போன வருடத்திலிருந்து நடை குறைந்தது. வேலியோரம் நின்று, திடல் இருந்த இடத்தில் நிற்கிற தூண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வந்தால் உடனே ஏதாவது கேலி பேசுவார். அந்தக் கேலி எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாருக்கும் நாலு மாசத்துல தேஞ்சுபோவுது. ஆறு வருசமா என்னை மட்டும் எப்படித் தேயாம வச்சிருக்க, ஜெபமாலை?"

"நீங்க இன்னும் சாகலையே" என்றேன்.

பெரிதாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நடக்காத ஒன்றுக்குத் தேய்மானம் கிடையாது என்றுதான் அப்போது நம்பியிருந்தேன்.

மார்கழியில் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. திரையில் பார்த்த மருத்துவர், நேரில் வந்து சோதிக்க வேண்டும் என்றார். மருத்துவ விலக்கு என்று ஒன்று இருக்கிறது. அது கிடைத்தால் அளவு பார்க்காமல் ஒருமுறை வெளியே போகலாம். ஒருமுறை போதும். வெளியே போய்விட்டால் பிறகு என் சித்தி மகன் வீட்டில் அவரை விட்டுவிடலாம், நான் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டேன். என் வாரியத்திலேயே எட்டு மேசை ஏறி இறங்கினேன். தை பதினேழாம் தேதி விசாரணை என்று நாள் கொடுத்தார்கள். அந்த நாளைச் சொன்னபோது அவர் கேலி பேசவில்லை. ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வெளியே இப்போது மாமரங்கள் பூத்திருக்குமா என்று கேட்டார்.

தை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே சாய்ந்தார். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நசீமாவும் கதிரேசன் அண்ணனும் வந்து தூக்கினார்கள். கூடத்தில் கிடத்தினோம். மெழுகுவத்தி எந்த டப்பாவில் இருக்கிறது, கட்டுவதற்குத் துணி எவ்வளவு நீளம் வேண்டும், எல்லாம் என் கைக்குத் தெரிந்திருந்தது. ஒரு தடுமாற்றம் இல்லை. கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினேன். தொண்டை அடைக்கவில்லை. ஆயிரத்து எண்ணூறு முறை கட்டிய விரல்கள். அதிர்ச்சியில் இருக்கிறேன் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நம்ப விரும்பினேன். எனக்குள் வேறொரு பயம் ஏறிக்கொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இறந்தவருக்கு அளவு இல்லை. பெட்டி தாராளமாகப் போகலாம் என்று வாரியத்திலிருந்து உடனே செய்தி வந்தது. அவர்கள் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. சந்தின் மறுமுனையில் பங்குச் சாமியார் காத்திருந்தார். கல்லறைத் தோட்டம் ஐந்து மணிக்கு மூடிவிடும். மூன்றரைக்குப் பெட்டியைத் தூக்கினார்கள்.

தூக்கிய நான்கு பேருக்கும் பச்சை உடனே விழுந்தது. சவரிமுத்து கடந்து போனார். ஆறு வருடத்தில் முதன்முறையாக அந்தத் தடுப்பைத் தாண்டினார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அன்றைக்கு யாரும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள். வரிசைக்கு வராதீர்கள் என்று சொன்ன கதிரேசன் அண்ணன் தோளில் துண்டு நனைய அழுதார். நசீமாவுக்குக் கம்பத்தை நெருங்கும் முன்பே பச்சை.

நான் நின்றேன். சிவப்பு.

கண்ணை மூடினேன். இவர் போய்விட்டார், இவர் போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டேன். உடம்பு அதைத் தினசரி காலை வேலையாக எடுத்துக்கொண்டது. மூச்சு சீராக இருந்தது. நாடி சீராக இருந்தது. துக்கம் மலையளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஆனால் அது என் உடம்புக்குள் இல்லை, எங்கேயோ வெளியே நின்றது. மறுபடி சிவப்பு. மறுபக்கத்தில் பெட்டியை இறக்காமல் நின்றார்கள்.

நசீமா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, வேற எதையாவது நெனைங்கக்கா."

என் புருஷனின் சாவு ஊர்வலத்தில் நடக்க வேறு யார் சாவையாவது நினைக்க வேண்டும். நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். பிறக்காமலே போன எங்கள் பிள்ளையை நினைத்தேன். அந்தப் பதினோரு சுமைதூக்கிகளைக்கூட நினைத்தேன். சிவப்பு, சிவப்பு. கதிரேசன் அண்ணன் திரும்பி வந்து தடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா சாவ எடுத்துக்கங்க ஜெபமாலை. அத நான் இன்னிவரைக்கும் தொட்டதே இல்ல. சொல்றேன் கேளுங்க."

சொன்னார். நெல் வயலில் பாம்பு கடித்து, ஆறு வயதுப் பையனான அவரைப் பயப்படாதே என்று தேற்றிக்கொண்டே அந்த அம்மாள் இறந்த கதையை, அத்தனை பேர் நடுவில், அழுது அழுது சொன்னார். அவர் தனக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒன்று அன்றைக்குச் செலவாகிவிட்டது. எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கத்துக்குத் துயரமானியில் அளவு கிடையாது.

நாலே கால் ஆயிற்று. தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். சாமியார் ஆள் அனுப்பிக் கேட்டார். போங்கள் என்று நானே சொன்னேன். அவர்கள் தயங்கினார்கள். போங்கள், அவரை வெயிலில் வைக்காதீர்கள் என்று சத்தம் போட்டேன். போனார்கள். சபாநாயகர் சிலையின் முதுகுக்குப் பின்னால் பெட்டி மறைகிற வரைக்கும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபக்கத்தில் பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் குடியிருப்பில் கிழடுகளும் கைக்குழந்தைக்காரிகளும் நானும்தான் இருந்தோம்.

அடுத்த மூன்று நாளும் காலையும் மாலையும் போய் நின்று பார்த்தேன். வேலைக்காக இல்லை, கல்லறையைப் பார்க்க வேண்டும். மண் போட்ட இடத்தையாவது பார்க்க வேண்டும். விளக்கு அசையவில்லை. வரிசையில் யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் பார்த்தால் அவர்களுக்கு உடனே பச்சை விழுந்தது, அது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது.

நான்காம் நாள் மதியம் பொருள்வண்டி மணி அடித்தது. நான் எதையும் கேட்டு எழுதவில்லை. கதவைத் திறந்தால் ஒரு அட்டைப்பெட்டி, மேலே சவரிமுத்துவின் பெயர். உள்ளே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ. பழுப்பு நிறம், ஒன்பதாம் அளவு. ரசீதில் அவர் கேட்டு எழுதிய தேதி இருந்தது. விசாரணைக்கு நாள் கிடைத்த அன்று சாயங்காலம். எதற்காக என்ற இடத்தில், 'வெளியில் நடக்க' என்று எழுதியிருந்தார்.

அப்போதுதான் வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்தேன், ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கத்தினேன். இந்த மனிதர் வெளியே நடக்க நினைத்திருந்தார், என்னிடம்கூடச் சொல்லாமல் நினைத்திருந்தார். இனி நடக்க மாட்டார். இது எந்தக் காலையிலும் நான் நினைத்துப் பார்க்காத சாவு.

எழுந்தேன். அழுதுகொண்டே ஓடினேன். ஷூ கையிலேயே இருந்தது. காலில் செருப்பு இல்லை. மதிய நேரம், வரிசையில் ஒருவர்கூட இல்லை. கம்பத்தின் முன் போய் நின்றேன். விளக்கு பச்சையாயிற்று. நான் எதையும் தேடவில்லை, பிடித்துக்கொள்ளவில்லை, அது தானாகப் பச்சையாக இருந்தது. ஒன்று. இரண்டு. கண்ணீர் கழுத்து வரைக்கும் வழிந்தது. மூன்று. என் புருஷனுக்காக நான் அழுகிறேன். நான்கு. எனக்கு அழுகை வருகிறது, நான் காய்ந்துபோய்விடவில்லை, கடவுளே, எனக்கு அழ முடிகிறது என்று நினைத்தேன். நினைத்ததும் சந்தோஷமாக இருந்தது.

விளக்கு சிவந்தது.